அடி என்றால் எந்த அடி?

பல வருடங்களுக்கு முன்பு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தேன். கீழ்க்கோர்ட்டில் தமிழில் கிடக்கும் புகார்களும் வாக்குமூலங்களும் மேல்முறையீட்டுக்குப் போகும்போது ஆங்கிலத்தில் போக வேண்டும். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. சொத்து வழக்குகள் போக, மிச்சம் எல்லாம் குடும்ப வழக்குகள்தான்.

அப்படி வந்த ஒரு அக்காவின் வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தது: "குடிச்சிட்டு வந்தா அடிப்பாரு." மிகச் சாதாரணமான வரி. அவர் குடித்து வந்தபோது அவளை அடித்தார் என்று பொருள்படும்படி, 'ஹிட்' என்ற வினையைப் போட்டு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வாதத்தின்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் எடுத்துப் படித்தாராம். மனுதாரரே ஒரு தடவை அடித்ததாகத்தானே சொல்கிறார், குடும்பம் என்றால் ஒரு தடவை கை நீட்டுவது இல்லையா என்று கேட்டாராம். எங்கள் வழக்கறிஞர் தமிழ் மூலத்தைக் காட்டி, வாய்தா வாங்கி, திருத்திய மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்தார். அந்த அக்கா இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருந்தது.

'அடிப்பாரு' என்பதில் இருந்தது பதினோரு வருடம். நான் எழுதிய ஆங்கிலத்தில் அது ஒரு ராத்திரி ஆகிவிட்டது.

"அடின்னா அடிதானே பாப்பா, அதுல இங்கிலீசுல என்ன வேற வேற?" என்று அக்கா கேட்டாள். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அகராதிகளையும், ஆங்கிலச் சட்ட வரலாற்றையும், அங்கே பெண்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றியும் தேடித் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அவள் கேள்விக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் அகராதி. 'ஹிட்' நமக்குத் தெரிந்த சொல்தான். படம் ஹிட் என்கிறோம். பழைய நார்ஸ் மொழியில் அதற்கு எதிர்ப்படுவது, போய்ச் சேருவது என்று பொருள். குறி போய்ப் பட்டது என்பதே அதன் அழுத்தம். கூட வேறு சொல் சேராவிட்டால் ஒரே ஒரு அடியாகத்தான் காதில் விழும். 'பீட்' அப்படியல்ல. அது திரும்பத் திரும்ப விழுவது: பறையில், இதயத்தில், முட்டையை அடித்துக் கலக்கும் கரண்டியில். என் வரியில் இருந்திருக்க வேண்டிய சொல் அதுதான், வழக்கத்தைக் காட்டும் வினையோடு. 'ஸ்ட்ரைக்' செய்தித்தாளும் சட்டமும் பயன்படுத்தும் விறைப்பான சொல். ஆதியில் அதற்குத் தடவுதல், வருடுதல் என்ற பொருளும் இருந்தது. 'ஸ்லாப்' விரித்த கை, நம் அறை. 'பன்ச்' மூடிய கை, நம் குத்து. 'த்ராஷ்' என்பது கதிரடித்தலைச் சொல்லும் 'த்ரெஷ்' என்பதன் மறு உச்சரிப்பு. நெல்லைப் பிரிக்கக் கதிரை அடிப்பதுபோல ஆளை அடிப்பது. 'ஸ்மாக்' சத்தத்தை வைத்து வந்த சொல். பிள்ளையின் பின்புறத்தில் ஒன்று வைப்பதற்கு அதைச் சொல்வார்கள்.

தமிழ் இதில் ஏழை ஒன்றும் இல்லை. அறைந்தான், குட்டினான், குத்தினான், மிதித்தான், மொத்தினான், சாத்தினான், விளாசினான், வெளுத்து வாங்கினான் என்று நமக்கும் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் புகார் எழுதும்போது ரைட்டரின் பேனாவில் இத்தனையும் 'அடித்தார்' என்ற ஒன்றாகச் சுருங்கும். வீட்டில் பெரியவர்கள் வாயில் அது 'கை நீட்டினான்' என்று இன்னும் மெலியும். எந்தச் சொல்லை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த வரலாறு ஏடுகளில் பதிவாகியிருப்பதால் அதைப் பின்தொடர முடிகிறது.

1765-இல் வெளிவந்த தன் சட்ட விளக்க நூலின் முதல் தொகுதியில் வில்லியம் பிளாக்ஸ்டோன் ஒரு பழைய உரிமையைப் பதிவு செய்கிறார். மனைவியின் நடத்தைக்குக் கணவன்தான் பதில் சொல்லியாக வேண்டும், ஆகவே அவளுக்கு 'மிதமான திருத்தம்' கொடுக்கும் அதிகாரம் அவனுக்கு இருந்தது, வேலை பழகும் பையனையும் பிள்ளைகளையும் திருத்துவதுபோல என்கிறார். இரண்டாம் சார்லஸ் காலத்திலேயே இதில் சந்தேகம் எழுந்துவிட்டது, ஆனாலும் கீழ்த்தட்டு மக்கள் இன்னும் இதை உரிமையாகக் கொண்டாடுகிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

அந்தப் பத்தியில் அடி என்ற சொல்லை அவர் உரிமையின் பெயராக வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'கரெக்ஷன்' என்பதற்கு லத்தீன் வேர் நேராக்குதல். அதன் சகோதரச் சொல்லான 'சாஸ்டைஸ்' என்பதற்கு வேர், தூய்மையாக்குதல். இந்தச் சொற்களுக்குள் அடிக்கிறவன் ஆசானாகவோ பூசாரியாகவோதான் நிற்க முடியும். அடி வாங்குகிறவள் ஏற்கெனவே கோணலாக, அழுக்காக இருக்கிறாள். அவள் என்ன தப்புச் செய்தாள் என்று தனியாக விசாரிக்கவே தேவையில்லை, சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு இந்த ஆங்கிலம் நன்றாகப் புரியும்.

அதே பிளாக்ஸ்டோன் 1768-இல் வந்த மூன்றாம் தொகுதியில் 'பேட்டரி' என்ற குற்றத்தை விளக்குகிறார். கோபத்திலோ வேண்டுமென்றோ இன்னொருவர் உடம்பை லேசாகத் தொட்டால்கூட அது குற்றம். ஏனென்றால் வன்முறையில் இந்த அளவு சரி, இந்த அளவு தப்பு என்று சட்டத்தால் கோடு போட முடியாது. ஆகவே முதல் படியிலேயே தடுத்துவிடுகிறது என்கிறார். இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தெருவில் போகிற இரண்டு ஆண்களுக்கு நடுவே போட முடியாத கோட்டை, வீட்டுக்குள் 'மிதமான' என்ற ஒரு அடைமொழியால் போட்டாகிவிட்டது. தெருவில் தொடுதலிலிருந்து கணக்கு தொடங்கியது, வீட்டில் காயத்திலிருந்து.

கோடு என்றதும் கட்டைவிரல் கதை நினைவுக்கு வரும். பெருவிரல் பருமனுக்கு மேற்படாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் சொன்னது, 'ரூல் ஆஃப் தம்ப்' என்ற சொல்வழக்கு அதிலிருந்துதான் வந்தது என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அது தவறு. அந்தச் சொல்வழக்கு 17-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, உத்தேச அளவு என்ற பொருளில். 1782-இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாகப் பேச்சு எழுந்தது. ஜேம்ஸ் கில்ரே அவரைக் குச்சி விற்பவராகக் கேலிச்சித்திரம் வரைந்தார். ஆனால் அப்படியொரு தீர்ப்பு எங்கும் கிடைக்கவில்லை. நம் பக்கத்து நியாயத்துக்குப் பொய்க்கதை தேவையில்லை. உண்மைக் கதையே போதுமானதாக இருக்கிறது.

அந்த உண்மைக் கதை கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் 1868-இல் நடந்தது. அரசு எதிர் ரோட்ஸ் என்பது வழக்கு. கணவன் மனைவியைக் குச்சியால் மூன்று அடி அடித்தான். குச்சி அவன் விரல் ஒன்றின் பருமன், பெருவிரல் அளவுக்கு இல்லை. அவள் ஏதோ சில வார்த்தைகள் சொன்னது தவிர வேறு காரணம் இல்லை, அந்த வார்த்தைகளும் சாட்சிக்கு ஞாபகம் இல்லை. இதுதான் பதிவு. அடி என்ற இடத்தில் அவர்கள் எழுதியது 'லிக்' என்ற சொல். நக்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. அடி என்ற பொருளில் பேச்சுவழக்குச் சொல், 'ரெண்டு தட்டு' என்பதுபோல. கணவனுக்கு அடிக்க உரிமை இருக்கிறது என்று மேல் நீதிமன்றம் சொல்லவில்லை. நிலைத்த காயம் இல்லாத சின்ன விஷயத்துக்காகக் குடும்பத்தின் திரைச்சீலையை விலக்க மாட்டோம் என்று சொல்லி அவனை விட்டுவிட்டது.

அடியின் எண்ணிக்கையும் குச்சியின் பருமனும் ஏட்டில் ஏறின. அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் இல்லை. 150 வருடம் கழித்து அந்த வரியைப் படிக்கும்போதும் வயிறு காந்துகிறது.

சொல்லே பிரச்சினை என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஃபிரான்சிஸ் பவர் காப். டப்ளினில் பிறந்தவர், வாக்குரிமைக்காகப் போராடியவர், திருமணம் செய்துகொள்ளாதவர். அப்போது இங்கிலாந்துப் பத்திரிகைகளில் 'வைஃப் பீட்டிங்' என்பது அன்றாடச் செய்தி, பாதி நகைச்சுவை. பெண்ணையும் நாயையும் அக்ரூட் மரத்தையும் அடிக்க அடிக்க நல்லது என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. 1853-இலேயே பெண்களையும் குழந்தைகளையும் கொடூரமாகத் தாக்கினால் ஆறு மாதம்வரை சிறை என்று சட்டம் வந்திருந்தது. சிறை போய்த் திரும்புகிற கணவன் அதே வீட்டுக்குத்தானே வருவான்? அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

1878 ஏப்ரலில் 'கன்டெம்பரரி ரெவ்யூ' இதழில் காப் எழுதிய கட்டுரையின் தலைப்பில் 'பீட்டிங்' இல்லை. 'டார்ச்சர்' இருந்தது: இங்கிலாந்தில் மனைவிச் சித்திரவதை. மனைவியை அடித்தல் என்று கேட்டதும் வாசகர் மனதில் ஒரு அறை, இரண்டு தள்ளு என்று சிறியதாக ஏதோ தோன்றுகிறது. உண்மையில் நடப்பது ஆணி பதித்த பூட்ஸால் மிதிப்பது, கண்ணைக் குருடாக்குவது, கொளுத்துவது. அடி என்பது தொடக்கம்தான் என்று வழக்குகளை வரிசையாக அடுக்கினார். அதே ஆண்டு வந்த சட்டம், கணவன் இப்படித் தண்டிக்கப்பட்டு மனைவியின் பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தால், அவள் பிரிந்து வாழவும், ஜீவனாம்சம் பெறவும், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்றது. ஒரு சொல்லை மாற்றியதால் மட்டும் இது நடக்கவில்லை. ஆனால் சொல் மாறாமல் நடந்திருக்காது.

காப் பார்க்கத் தவறியதையும் சொல்ல வேண்டும். மேல்தட்டுக் குடும்பங்களிலும் இது உண்டு, ஆனால் அங்கே ஆபத்தில்லாத ஒன்றிரண்டு அடியோடு நின்றுவிடும் என்று எழுதினார். அதாவது ஏழை வீட்டில் 'டார்ச்சர்', பங்களாவில் 'ப்ளோ'. தான் உடைத்த அதே தராசை அவரே இன்னொரு வாசலில் தொங்கவிட்டார். குடிசையில் நடந்தால் குடிகாரன் அடி, மாடியில் நடந்தால் கணவன் மனைவி மனஸ்தாபம் என்று எழுதுகிற நமக்கு அவரைக் குறை சொல்லும் தகுதி குறைவுதான்.

நமக்கு இதில் நேரடிப் பங்கு ஒன்று உண்டு. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைவு தயாரித்து, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் ஆங்கிலத்தில்தான் யோசிக்கப்பட்டது. அதில் 'பீட்' தனிக் குற்றம் அல்ல. 'ஹர்ட்' என்றால் வலி, நோய், உடல் நலிவு ஏற்படுத்துவது. 'கிரீவியஸ் ஹர்ட்' என்றால் எட்டு வகை. அதில் ஒன்று, 20 நாள் கடும் வலியோ, வழக்கமான வேலையைப் பார்க்க முடியாத நிலையோ. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 15 நாள். வலியோடு எழுந்து மறுநாளே சோறு பொங்கியவளுக்கு, வேலை செய்ய முடியாமல் போனது எத்தனை நாள் என்று எப்படிக் கணக்குச் சொல்வது?

'அசால்ட்' என்ற சொல்லின் கதை வேறு. நாம் அதைத் தாக்குதல் என்கிறோம். ஆனால் அந்தச் சட்டத்தின் 351-ஆம் பிரிவில் மேலே கை படவே தேவையில்லை. அடிக்கப் போகிறான் என்ற பயத்தை உண்டாக்கும் சைகை போதும். எடுத்துக்காட்டாக அவர்கள் தருவதே முஷ்டியை ஆட்டுவதைத்தான். இதற்குத் தமிழில் நூற்றுக்கு நூறு பொருந்தும் சொல் நம்மிடம் இருக்கிறது: கை ஓங்குதல். "அடிக்கல்லாம் இல்லை, கைதான் ஓங்குனாரு" என்று எத்தனை பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒன்றுமே நடக்காததுபோல அவர்கள் சொல்லும் அந்த வரியிலேயே ஒரு குற்றம் முழுமையாக நடந்து முடிந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் இயக்கம் கையில் எடுத்த சொல் 'பேட்டர்'. இட்லி மாவுப் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கிறதே, அதே 'பேட்டர்'. அடித்துக் கலக்கியது என்பதால் மாவுக்கு அந்தப் பெயர். டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக்கும், பிளாக்ஸ்டோனின் பேட்டரிக்கும் வேர் ஒன்றுதான். கோட்டைச் சுவரைப் பீரங்கி விடாமல் இடிப்பதைச் சொன்ன வினை அது. 1962-இல் ஹென்றி கெம்ப்பும் அவர் சகாக்களும் அமெரிக்க மருத்துவ இதழில், பெற்றோர் அடித்து எலும்பு முறிந்த குழந்தைகளைப் பற்றி எழுதியபோது 'பேட்டர்ட் சைல்ட்' என்றார்கள். 1971-இல் லண்டனின் சிஸ்விக்கில் எரின் பிஸ்ஸி தொடங்கிய பெண்கள் நிலையத்துக்கு வீட்டில் அடிபட்ட பெண்கள் வந்து தங்கத் தொடங்கினார்கள். 'பேட்டர்ட் வைஃப்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. பின்னாளில் பிஸ்ஸி பெண்ணிய இயக்கத்தையே எதிர்ப்பவராக மாறினார். சொல் அவரை விட்டுவிட்டுத் தன் வழியில் போனது. 1975-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று மணவாழ்க்கையில் வன்முறை பற்றி அறிக்கை தந்தது. 1976-இல் அடிக்கும் கணவனை வீட்டை விட்டு வெளியேற்ற உத்தரவு பெறச் சட்டம் வந்தது.

அந்தச் சொல்லின் பலம், அது ஒரு ராத்திரியைச் சொல்லவில்லை, வருடங்களைச் சொன்னது. நான் தவறவிட்ட 'அடிப்பாரு' அதற்குள் இருந்தது. பலவீனமும் அங்கேயே. அது அவளைத்தான் வர்ணிக்கிறது. அடித்தவன் வாக்கியத்திலிருந்து இறங்கிப் போய்விட, ஒடுங்கிய அலுமினியப் பாத்திரம்போல அவள் மட்டும் நிற்கிறாள். கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கில் இரண்டும் தெரிந்தன. பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போன அவர், பத்து வருட வன்முறைக்குப் பிறகு, தூங்கிக்கொண்டிருந்த கணவன்மீது தீ வைத்தார், அவன் இறந்தான். 1989-இல் ஆயுள் தண்டனை. திடீரென வந்த ஆத்திரம்தான் தண்டனையைக் குறைக்கும் காரணம் என்றது அன்றைய சட்டம். ஆத்திரத்தில் அந்த நிமிடமே திருப்பி அடிக்கிற ஆணின் உடம்பை வைத்து எழுதிய சட்டம் அது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் அமைப்பு அவருக்காக வீதியில் நின்றது. 1992-இல் தண்டனை ரத்தாகி, மறுவிசாரணையில் கொலையல்ல என்று முடிந்து, அவர் வெளியே வந்தார். அவரை விடுவித்த வாதம் அவருடைய மனநிலைப் பாதிப்பு. நியாயம் கிடைத்தது, நோயாளி என்ற பெயரோடு.

அதன் பின் 'டொமஸ்டிக் வயலன்ஸ்' வந்தது. நம் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதுதான், குடும்ப வன்முறை. வசவையும் காசைப் பிடுங்குவதையும் அது உள்ளே கொண்டுவந்தது, பெரிய லாபம். ஆனால் அந்தத் தொடரில் யார் யாரை என்பது இல்லை, குடும்பமே தன்னைத் தானே அடித்துக்கொள்வதுபோல ஒலிக்கிறது. இங்கிலாந்து 2015-இல் 'கட்டுப்படுத்தி நெருக்குதல்' என்பதைத் தனிக் குற்றமாக்கியது. ஒரு அடிகூட விழாத வீட்டையும் சட்டம் பார்க்கத் தொடங்கியது.

இத்தனையும் எழுதிய பிறகு ஒன்று மிச்சம் இருக்கிறது. 'திருத்தம்' என்ற சொல்லிலிருந்து மனைவி வெளியே வந்துவிட்டாள். அந்தப் பட்டியலில் அவளோடு நின்ற பிள்ளை வரவில்லை. 1860-இல் ஒரு பள்ளி ஆசிரியர் மாணவனை அடித்தே கொன்ற ஹாப்லி வழக்கில், வரம்பு மீறினார் என்று அவரைத் தண்டித்த நீதிமன்றமே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் 'மிதமான, நியாயமான' தண்டனை தரும் உரிமை உண்டு என்றும் சொன்னது. ஸ்காட்லாந்து 2020-இலும் வேல்ஸ் 2022-இலும் அதை நீக்கின. இங்கிலாந்தின் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குறுக்கியதே தவிர நீக்கவில்லை. பிள்ளைக்கென்றே 'ஸ்மாக்' என்ற சொல் தனியாக இருக்கிறது. சத்தம் மட்டும் உள்ள, காயமே இல்லாத சொல்.

என் மகனுக்கு ஏழு வயதில், கணக்கு நோட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு நாள், நான் அவனை அடித்தேன். இரவு என் அம்மாவிடம் போனில், "ரெண்டு போட்டேன்மா" என்றேன். சொல்லும்போதே காதில் அந்த 'லிக்' விழுந்தது. எத்தனை என்று நான் எண்ணவில்லை. அவன் என்ன சொல்ல வந்தான் என்பது எனக்கும் ஞாபகம் இல்லை.

இப்போது வாக்குமூலம் மொழிபெயர்க்க வந்தால், முடிந்த இடத்தில் அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடுகிறேன். கையாலா, பொருளாலா? விரித்த கையா, மூடிய கையா? அன்றைக்கு மட்டுமா, எப்போதுமா? கேட்பது கஷ்டம், சொல்வது அதைவிடக் கஷ்டம். அந்த அக்காவிடமும் திருத்தி எழுதும்போது கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவள் தலைமுடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் காட்டினாள். "இதுக்கு என்ன வார்த்தைன்னு நீயே பாரு" என்றாள். அன்று எழுதிய வரியில் வினையை மாற்றியதோடு நிற்கவில்லை. எதால், எங்கே, எத்தனை வருடமாக என்று அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு வரி நான்கு வரியானது. பக்கக் கணக்கில் கூலி என்பதால், டைப் அடித்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.